மூன்றாம் தரம் அழைக்கப்படும் முன்



சென்னையிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில், சேலம் சாலை பிரிகின்ற இடத்தில் இருக்கிறது எங்கள் உளுந்தூர்பேட்டை. இரவும் பகலும் வண்டிகள் ஓயாத ஊர். இங்கே வளரும் பிள்ளைகள் எழுத்துகளை அறியுமுன்பே வண்டிகளின் பெயர்களை அறிந்துவிடுகிறார்கள். ஆகவே, மதுவிலக்கு வழக்குகளில் பறிமுதல் செய்யப்பட்ட வாகனங்களும் உரிமை கோரப்படாத வாகனங்களும் பொது ஏலத்தில் விடப்படும் என்று நாளிதழின் ஓரத்தில் ஒரு சிறு அறிவிப்பு வந்துவிட்டால் போதும்; ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முன்பு நிற்கும் இளைஞர்களிடையே அன்று அதுவே பேச்சாக இருக்கும். குறைந்த விலையில் ஒரு பைக் கிடைக்காதா என்பது சிலரின் எண்ணம். இப்போது எங்கும் கிடைக்காத பழைய வண்டி ஏதேனும் அந்தக் குவியலில் இருக்காதா என்பது வேறு சிலரின் ஏக்கம்.

ஏலம் கேட்பது மார்க்கத்தில் கூடுமா? கூடும் என்றால் எதுவரை? வென்றவர் ஏன் வருந்துகிறார்? இவற்றைப் பற்றி, ஏலத் திடலில் நின்று பார்த்த ஒரு குடும்பத்தினர் என்ற முறையில் சிலவற்றைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

திடலில் நடப்பது என்ன?

எங்கள் கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019-ஆம் ஆண்டு விழுப்புரத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அதன் மேற்கே கல்வராயன் மலை. அந்த மலையில் சாராய ஊறல் அழிக்கப்பட்டது என்ற செய்தி நமக்குப் பழகிப்போன ஒன்று. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்ததை எவரும் மறந்திருக்க முடியாது. சாராயம் கடத்தப் பயன்பட்ட வண்டிகள் மதுவிலக்குச் சட்டத்தின்கீழ் பறிமுதலாகி, காலப்போக்கில் ஏலத்துக்கு வருகின்றன. அச்சட்டம் 1937-இல் இயற்றப்பட்டு, முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது நமக்கு அண்டையிலுள்ள சேலம் மாவட்டத்தில்தான்.

ஏல நாளுக்கு முன்பே வண்டிகளைப் பார்வையிட அனுமதிப்பார்கள். முன்வைப்புத் தொகை கட்டி டோக்கன் பெற்றவர்களே ஏலம் கேட்கலாம். கேட்டும் கிடைக்காதவர்களுக்கு அந்தத் தொகை திரும்பக் கிடைக்கும். எடுத்தவர் முழுத்தொகையையும், அதன்மேல் ஜி.எஸ்.டி. வரியையும் குறித்த நேரத்துக்குள் செலுத்த வேண்டும். வண்டி இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில் ஒப்படைக்கப்படும். ஓடுமா, ஓடாதா என்று பின்னர் கேட்பதற்கில்லை. எடுத்த வண்டியைத் தம் பெயருக்கு மாற்ற, கையில் பெற்ற 30 நாட்களுக்குள் படிவம் 32-இல் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பதினைந்து ஆண்டுகள் கடந்த வண்டியாயின், தகுதிச் சோதனையும் பதிவுப் புதுப்பிப்பும் சேர்ந்துகொள்ளும்.

இவை அனைத்தும் அறிவிப்பிலும் சட்டத்திலும் உள்ளவை. ஆயினும், ஏலக்காரர் “ஒரு தரம், இரண்டு தரம்” என்று குரல் கொடுக்கத் தொடங்கியதும் இவற்றில் ஒன்றுகூட நினைவில் நிற்பதில்லை.

இரட்டைச் சைலன்சர் வண்டி

எங்கள் அத்தா ஜவுளி மூட்டையைப் பின்னால் கட்டிக்கொண்டு தியாகதுருகம், சங்கராபுரம், கச்சிராயபாளையம் என்று மலையடிவாரம் வரை சென்று தவணைக்குத் துணி விற்றவர். அவருடைய வண்டி ஒரு யெஸ்டி. மைசூரில் ஐடியல் ஜாவா தொழிற்சாலையில் செய்யப்பட்டது. ஒற்றை என்ஜினுக்கு இரட்டைச் சைலன்சர். உதைத்துக் கிளப்பும் கிக்கரே மடக்கினால் கியர் கம்பியாகிவிடும். அந்தத் தொழிற்சாலை 1996-இல் மூடப்பட்டது. அத்தாவின் வண்டி அதற்கு முன்பே, அக்காவின் நிக்காஹ் செலவுக்காகக் கைமாறிப் போயிருந்தது. அத்தா அதைப்பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை. ஆனால் தெருவில் அந்தச் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்திவிடுவார். அவர் மறைந்து சில ஆண்டுகள் ஆகின்றன. அல்லாஹ் அவருடைய கப்றை ஒளிமயமாக்குவானாக.

ஏல வரிசையில் அப்படியொரு யெஸ்டி நிற்கிறது என்று தம்பி பார்த்துவிட்டு வந்து சொன்னபோது, அண்ணன் தம்பிகள் மூவரும் அன்றிரவு அம்மாவிடம் அமர்ந்து மஷூரா செய்தோம். அம்மா கேட்டவை இரண்டே கேள்விகள். அந்த வண்டியில் யார் எங்கே போகப்போகிறீர்கள்? பணம் எங்கிருந்து வரப்போகிறது? முதல் கேள்விக்கு எங்களிடம் தெளிவான பதில் இல்லை. இரண்டாவதற்குக் கணக்குப் பார்த்தோம். முப்பதாயிரம் வரை எங்கள் மூவரின் கையிருப்பு தாங்கும். அதற்குமேல் தொட்டால், அது அம்மாவின் உம்ராவுக்கென்று ஒதுக்கிய பணம். முப்பதாயிரத்தில் நிறுத்திக்கொள்வதாக அம்மாவிடம் சொல்லிவிட்டே புறப்பட்டோம்.

எட்டாயிரத்தில் ஏலம் தொடங்கியது. முதலில் பழைய இரும்புக் கடைக்காரர்கள் கேட்டார்கள். பதினைந்தாயிரத்தில் அவர்கள் விலகிக்கொண்டார்கள். பிறகு எங்களோடு நின்றவர் ஓர் இளம் மெக்கானிக் மட்டுமே. இருபது, இருபத்திரண்டு, இருபத்தைந்து. அந்த நேரத்தில் நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்தை எழுத்தில் சொல்ல இயலவில்லை. அந்த வண்டி ஏற்கெனவே எங்களுடையது போலவும், எதிரே நிற்பவர் அதை எங்களிடமிருந்து பறிக்க வந்தவர் போலவும் தோன்றியது. அவருக்கும் எங்களைப் பற்றி அவ்வாறே தோன்றியிருக்கும். முப்பதாயிரத்தை நாங்கள் சொன்னோம். அவர் முப்பத்தொன்று என்றார். தம்பி அண்ணனின் கையைப் பிடித்தான். அருகில் நின்ற ஒருவர், அன்றைக்கே பணம் புரட்டித் தர ஆள் உண்டு, வட்டியை மாதாமாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று காதோரம் சொன்னார். அண்ணன் டோக்கனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திடலைவிட்டு வெளியே நடந்தார். நாங்கள் வெளியேறிய பின்னரும் வேறொருவர் புகுந்து ஏற்றியதால், வண்டி நாற்பத்தேழாயிரத்துக்குப் போனதாகக் கேள்விப்பட்டோம். எடுத்தவர் அந்த மெக்கானிக்தான்.

தம்பி இரண்டு நாட்கள் எங்களோடு சரியாகப் பேசவில்லை. அந்த வண்டி இன்றுவரை எங்கள் மனத்திலிருந்து முழுவதுமாக இறங்கவில்லை என்பதையும் மறைக்க விரும்பவில்லை. ஆனால் அன்று அண்ணனின் கால்களை நகர்த்தியது, முந்தைய இரவில் அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்த ஓர் எண். திடலில் நின்றுகொண்டு அந்த எண்ணைத் தீர்மானிக்க முயன்றிருந்தால், எங்களில் எவராலும் முடிந்திருக்காது.

நபிவழியில் ஏலம்

ஏலம் என்பதை அரபியில் ‘பைஉல் முஸாயதா’ என்பார்கள். இது ஆகுமான வியாபாரம் என்பதே பெரும்பான்மை அறிஞர்களின் நிலைப்பாடு. இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தம் நூலில் இதற்கென்றே ஒரு தலைப்பிட்டு, வறுமைக்கு ஆளான ஒருவருடைய அடிமையை விற்க நபி (ஸல்) அவர்கள் வாங்குவோர் யாரென்று கேட்ட நிகழ்வை, ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பாகக் கொண்டுவருகிறார்கள். ஒருவர் பேரம் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது என்ற ஹதீஸ், விற்பவரும் வாங்குபவரும் உடன்பாட்டை எட்டிய பின் குறுக்கே வருவதைத் தடுக்கிறது. எல்லோரும் கேட்கலாம் என்று வெளிப்படையாக அழைக்கும் ஏலத்தை அது கட்டுப்படுத்தாது என்பது அவர்கள் தரும் விளக்கம்.

அனஸ் (ரலி) அவர்கள் வழியாக அபூதாவூத், இப்னு மாஜா ஆகிய நூல்களில் பதிவான மற்றொரு நிகழ்ச்சி நம்மில் பலரும் பயான்களில் கேட்டிருப்பது. அதன் அறிவிப்பாளர் தொடர் குறித்து அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் அதிலுள்ள படிப்பினை பெரிது. அன்சாரித் தோழர் ஒருவர் உதவி கேட்டு வருகிறார். வீட்டில் என்ன இருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் விசாரிக்கிறார்கள். பாதியை விரித்து, பாதியைப் போர்த்திக்கொள்ளும் ஒரு கம்பளமும், தண்ணீர் குடிக்கும் ஒரு பாத்திரமும் மட்டுமே இருக்கின்றன. அவற்றை வரவழைத்து, வாங்குவோர் யார் என்று கேட்கிறார்கள். ஒருவர் ஒரு திர்ஹம் தர முன்வருகிறார். அதற்குமேல் தருபவர் யார் என்று இரண்டு அல்லது மூன்று முறை கேட்கிறார்கள். மற்றொருவர் இரண்டு திர்ஹத்துக்கு எடுத்துக்கொள்கிறார். அதில் ஒரு திர்ஹத்துக்கு வீட்டாருக்கு உணவும், மற்றதற்கு ஒரு கோடரியும் வாங்கச் செய்து, தம் திருக்கரத்தாலேயே அதற்குக் காம்பு பொருத்திக் கொடுத்து, விறகு வெட்டி விற்குமாறு அனுப்புகிறார்கள். பதினைந்து நாட்களில் அவர் பத்து திர்ஹம் ஈட்டித் திரும்புகிறார்.

நம் ஊர் ஏலக்காரர் மூன்று தரம் அழைப்பதுபோலவே அங்கும் அழைப்பு இரண்டு மூன்று முறை எழுந்திருக்கிறது. ஆனால் அந்த ஏலம் ஒரு தேவையில் தொடங்கி ஓர் உழைப்பில் முடிந்தது. விலை ஏறிய ஒரு திர்ஹம் கோடரியாயிற்று. நாம் உயர்த்தும் ஒவ்வோர் ஆயிரமும் எதுவாக மாறுகிறது என்ற கேள்வியை இந்த நிகழ்ச்சி நம்முன் வைக்கிறது.

நஜ்ஷ்: வாங்கும் எண்ணமில்லாத குரல்

ஏலத்தில் தெளிவாக ஹராமாவது ‘நஜ்ஷ்’. வாங்கும் எண்ணம் சிறிதும் இன்றி, பிறரை ஏமாற்றி விலையை உயர்த்துவதற்காகவே கேட்பது அது. இதனை நபி (ஸல்) அவர்கள் தடைசெய்ததாக இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிப்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. 1993 ஜூன் மாதம் புருனையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, ஏலத்தைப் பற்றித் தனித் தீர்மானம் நிறைவேற்றியது. கேட்டும் கிடைக்காதவர்களுக்கு முன்வைப்புத் தொகை திருப்பித் தரப்பட வேண்டும், எடுத்தவருக்கு அது விலையில் கழிக்கப்பட வேண்டும் என்று அது கூறுகிறது. வாங்க விரும்பாதவர் விலையை ஏற்றுவதும், நிபுணர் போல நடித்துப் பொருளைப் புகழ்வதும், அதைத் தாம் இன்ன விலைக்கு வாங்கியதாக உரிமையாளர் பொய் சொல்வதும் நஜ்ஷின் வகைகள் என்று எண்ணிக் காட்டுகிறது.

இதற்கு நேரெதிரான ஒன்றும் திடல்களில் நடப்பதுண்டு. வியாபாரிகள் முன்பே பேசிவைத்துக்கொண்டு, ஒருவரை மட்டும் கேட்கவிட்டுப் பொருளை அடிமாட்டு விலைக்கு எடுத்து, பிறகு தமக்குள் பங்கிட்டுக்கொள்வது. விற்பது அரசு என்பதால் இதில் பாதிக்கப்படுபவர் எவருமில்லை என்று சிலர் எண்ணுகிறார்கள். பொதுக் கருவூலத்துக்கு வர வேண்டியது குறைந்தால், அது ஊரார் அனைவரின் உரிமையிலும் கைவைப்பதே. யாருக்கோ கூலிக்கு டோக்கன் வாங்கிக்கொண்டு கூட்டத்தில் நிற்கும் நம் பிள்ளைகளுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது.

வென்றவருக்கு ஏன் வருத்தம்?

1971-இல் அமெரிக்காவில் எண்ணெய் நிறுவனப் பொறியாளர்கள் மூவர் ஓர் உண்மையை எழுதினார்கள். கடலடி எண்ணெய் வயல்களை ஏலத்தில் எடுத்த நிறுவனங்கள் எதிர்பார்த்த இலாபத்தை அடையவில்லை. காரணம் எளியது. பத்துப் பேர் ஒரு பொருளின் மதிப்பைக் கணிக்கிறார்கள் என்று கொள்வோம். சிலர் குறைத்தும் சிலர் கூட்டியும் கணிப்பார்கள். சராசரி ஏறத்தாழச் சரியாக இருக்கக்கூடும். ஆனால் ஏலத்தில் வெல்வது சராசரி அல்ல. எல்லோரிலும் மிகைப்படக் கணித்தவரே வெல்கிறார். பொருளியலாளர்கள் இதனை ‘வென்றவரின் சாபம்’ என்று அழைக்கிறார்கள். ஆகவே, சுற்றியிருக்கும் அனைவரும் கைவிட்ட விலையில் நாம் மட்டும் நிற்கும்போது, மகிழ்வதற்கு முன் அவர்கள் கண்டதில் நாம் காணாதது எது என்று கேட்டுக்கொள்வது அறிவுடைமை.

பழைய வண்டிகளில் இன்னொன்றும் சேர்கிறது. இரும்பையும் ரப்பரையும் கணக்கிட்டுவிடலாம், நினைவுக்குக் கணக்கில்லை. நாங்கள் அன்று கேட்டது ஒரு வண்டியையா, அத்தா வரும் சத்தத்தையா என்று பிறகு எண்ணிப் பார்த்தோம். இரும்புக் கடைக்காரர் பதினைந்தாயிரத்தில் நிறுத்திக்கொள்ள முடிந்தது. அவருக்கு அது எடை மட்டுமே. யாருக்கு நினைவு மிகுதியோ, அவரிடமிருந்தே ஏலம் மிகுதியாகப் பெறுகிறது. போட்டி மூண்டுவிட்டால் நினைவும் பின்னுக்குப் போய்விடுகிறது. எதிரே நிற்பவரிடம் தோற்கக் கூடாது என்ற நஃப்ஸின் குரல் மட்டுமே எஞ்சுகிறது.

உலகிலேயே மிக அதிக விலைக்கு ஏலம் போன கார், 1955-ஆம் ஆண்டு மெர்சிடிஸ் 300 எஸ்.எல்.ஆர். 2022 மே மாதம் அது 13.5 கோடி யூரோவுக்கு விற்றது. அந்த வகையில் செய்யப்பட்டவை இரண்டே கார்கள். அவ்வளவு தொகையா என்று மலைக்கும்போதே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: விற்ற நிறுவனம் அந்தப் பணத்தைக் கொண்டு இளைஞர்களின் கல்விக்கும் ஆய்வுக்கும் உதவித்தொகை நிதி ஒன்றை ஏற்படுத்துவதாக அறிவித்தது. விலை கோடரியாக மாறுவதற்கு இக்காலத்திலும் வழியுண்டு.

நம் நாட்டில் பழைய வண்டியை முதலீடு என்று நம்புவோர், சட்டத்தையும் அறிந்துகொள்ள வேண்டும். 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி, 50 ஆண்டுகளைக் கடந்து, முதல் வடிவம் மாறாமல் இருக்கும் இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களே ‘விண்டேஜ்’ எனப் பதிவுபெறும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய். அவ்வாறு பதிந்த வண்டியைக் கண்காட்சி போன்ற தேவைகளுக்கன்றி அன்றாடம் சாலையில் ஓட்ட முடியாது. யெஸ்டி என்ற பெயரே 1973-இல்தான் வந்தது. ஆகவே ஏலத் திடல்களில் ‘விண்டேஜ்’ என்று புகழப்படும் யெஸ்டிகளில் பெரும்பாலானவை சட்டத்தின் கண்ணில் வெறும் பழைய வண்டிகளே.

பறிமுதல் வண்டியை வாங்கலாமா?

திடலில் எங்களை உறுத்திய காட்சி வேறொன்று. வரிசையில் மிகுதியாக நின்றவை பெரிய வண்டிகள் அல்ல, டி.வி.எஸ். எக்ஸ்.எல். போன்ற ஏழைகளின் வண்டிகள். சாராயத்தைச் சுமப்பவரும் சாபத்துக்குரியவர் என்று ஹதீஸ் எச்சரிக்கிறது. அதில் நமக்கு ஐயமில்லை. எனினும், வண்டியை இரவல் கொடுத்துவிட்டு இழந்தவரும், பிள்ளை செய்த குற்றத்துக்காக வண்டியை இழந்த தகப்பனும் இருக்கக்கூடும்.

குற்றத்துக்குத் தண்டனையாகப் பொருளைப் பறிமுதல் செய்வது பற்றி ஃபிக்ஹ் நூல்களில் விவாதம் உண்டு. ஹனஃபி மத்ஹபில் ஏற்கப்பட்ட கருத்து, பொருள் தண்டனை கூடாது என்பது. இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள் அதை அனுமதித்ததாகவும் அறிவிப்பு உள்ளது. இதன் காரணமாகப் பறிமுதல் பொருட்களை வாங்குவதில் பேணுதலாக இருக்கச் சொல்லும் ஆலிம்களும் உள்ளனர். ஆட்சியின் முறையான விற்பனை என்ற அடிப்படையில் அனுமதிப்போரும் உள்ளனர். நாங்கள் தீர்ப்புச் சொல்லத் தகுதியுடையவர்கள் அல்லர். ஏலத்துக்குச் செல்பவர், டோக்கன் வாங்குமுன் தம் மஹல்லா ஹஜ்ரத்திடம் கேட்டுத் தெளிவு பெற்றுச் செல்வது நல்லது. வாங்கிய பின் கேட்பவர், பெரும்பாலும் தமக்கு வேண்டிய பதிலையே தேடுகிறார்.

செல்வதானால்

ஏலத்துக்குச் செல்ல வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. நேர்மையாக நடக்கும் ஏலத்தில் நல்ல பொருள் நியாயமான விலைக்குக் கிடைப்பதும் உண்டு. செல்வதானால், வண்டி எதற்கு என்ற நிய்யத்தை வீட்டாருடன் பேசித் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். என்ஜின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் பகலிலேயே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வரி, பெயர் மாற்றம், பழுது நீக்கம் ஆகிய மூன்றையும் கழித்த பின் எஞ்சுவதே உங்கள் உச்ச விலை. அந்த எண்ணை உங்களைக் கேள்வி கேட்கக்கூடிய ஒருவரிடம் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். இஸ்திகாரா தொழுங்கள். வட்டிக்கு வாங்கிய ஒரு ரூபாயும் அந்த விலையில் சேர வேண்டாம்; பழைய வண்டி கிடைத்த மகிழ்ச்சி ஒரு வாரத்தில் அடங்கிவிடும், ஆனால் வட்டியின் பாவமும் சுமையும் வீட்டுக்குள் தங்கிவிடும்.

விற்பவராக நீங்கள் இருந்தால், மார்க்கம் உங்களுக்கு ஓர் அழகிய வாசலைத் திறந்திருக்கிறது. வாங்கியவர் மனம் வருந்தித் திரும்பி வரும்போது, வியாபாரத்தை முறித்துக்கொள்ள விற்றவர் இசைவதற்கு ‘இகாலா’ என்று பெயர். அவ்வாறு விட்டுக்கொடுப்பவரின் சறுக்கல்களை அல்லாஹ் மன்னிப்பான் என்ற நற்செய்தி அபூதாவூத், இப்னு மாஜா நூல்களில் உள்ளது. அரசு ஏலத்தில் இதற்கு இடமில்லை. ஆனால் நம் தெருவில், நம் கடையில், ஒரு பழைய வண்டியை அண்டை வீட்டாருக்கு விற்கும்போது இதற்கு இடமுண்டு. மறுநாள் காலை தயங்கித் தயங்கி வந்து நிற்பவரிடம், விற்றது விற்றதுதான் என்று சொல்லும் உரிமை நமக்கு இருக்கிறது. அந்த உரிமையை அல்லாஹ்வுக்காக விட்டுக்கொடுப்பவருக்கே அந்த நற்செய்தி.

அந்த மெக்கானிக் சகோதரரைச் சில மாதங்களுக்குப் பின் தியாகதுருகத்தில் சந்தித்தோம். யெஸ்டியின் கிராங்க் பழுதாம். உதிரிப் பாகத்துக்கு அலைந்துகொண்டிருந்தார். பழைய யெஸ்டிக்காரர் ஒருவரின் தொலைபேசி எண்ணை அண்ணன் அவருக்குக் கொடுத்தார். வண்டி ஓடத் தொடங்கியதும் எங்கள் தெருப்பக்கம் ஒருமுறை கொண்டுவரச் சொன்னான் தம்பி.

நம் சம்பாத்தியத்தை ஹலாலானதாகவும், நம் ஆசைகளை நம் கைக்குள் அடங்கியவையாகவும் ஆக்கி, கொடுக்கல் வாங்கலில் பிறருக்கு இலகுவாக்கும் நன்மக்களில் நம்மை வல்ல ரஹ்மான் சேர்த்தருள்வானாக. ஆமீன்.